ஓட்டில் எழுதிய ஓட்டு

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் குழந்தைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கின்றனர். தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் தமிழ். தெருமொழி விளையாட்டுக்கு உதவுகிறது. பள்ளிமொழி கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் சரித்திரத்துக்கும் உதவுகிறது. தமிழோ நாளடைவில் 'சாப்பிட வா', 'விளக்கை அணை' என்னும் அளவில் சுருங்கிவிடுகிறது. பிள்ளைகள் மொழியை மறக்கிறார்களே என்று வருந்தும் பெற்றோர் பலர். அம்மொழியில் பேசுவதற்கு அவர்களுக்கு என்ன பொருளைக் கொடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

உலக வரலாற்றை வீட்டிலேயே, தமிழிலேயே, கையால் செய்யும் விளையாட்டுகளின் வழியாகக் கற்பிக்கலாம் என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். எடுத்துக்காட்டாகப் பண்டைக் கிரேக்க நாட்டை, அதிலும் ஏதென்ஸ் நகரத்தைக் கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் அரசியலைக் கையாலும் கண்ணாலும் நடத்தினர். கையை உயர்த்தி வாக்களித்தனர். பானை ஓட்டில் பெயரைக் கீறினர். சீட்டுப் போட்டு அதிகாரிகளைத் தேர்ந்தனர். நீர் ஒழுகும் பானையைக் கொண்டு பேச்சின் நேரத்தை அளந்தனர். இவை யாவும் ஒரு சிறு கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், அதிகச் செலவின்றிச் செய்துகாட்டக் கூடியவை. ஒன்பது, பத்து வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு இவை ஏற்றவை.

முதலில் நாட்டைப் படைக்க வேண்டும். நீலநிறப் போர்வை ஒன்றைக் கூடத்தில் விரியுங்கள். அதுவே ஈஜியன் கடல். மேற்கு ஓரத்தில் தலையணைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் பழுப்பு நிறத் துணியொன்றைப் போர்த்துங்கள். அது மலைகள் நிறைந்த கிரேக்கப் பெருநிலம். கிழக்கு ஓரத்தில் ஒரு பாய்; அது இன்றைய துருக்கி நாட்டின் மேற்குக் கரை. இடையே புளியங்கொட்டைகளைத் தூவினால் அவை தீவுகள் ஆகும். இனி ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையைக் குழந்தையிடம் கொடுத்து, "இவர்களைக் குடியேற்று" என்று கூறுங்கள். கடலைகள் தலையணையின் உச்சியில் நில்லா. உருண்டு பள்ளங்களிலும் கரையோரத்திலும் சிறு சிறு கூட்டமாகத் தங்கும். "இந்தப் பள்ளத்தவர் அந்தப் பள்ளத்துக்கு எப்படிப் போவார்கள்?" என்று வினவுங்கள். கடல் வழியே போவது எளிது என்பதைப் பிள்ளையே கண்டு சொல்லும். மலை மட்டுமே காரணம் அன்று. ஆயினும் கிரேக்க நாடு ஒரே பேரரசாக இராமல், தனித்தனிச் சட்டமும் நாணயமும் உடைய நூற்றுக்கணக்கான நகர அரசுகளாக ஏன் இருந்தது என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். போர்வையை எடுத்துவிடாதீர்கள். அக்கடலில் பின்னர் இரண்டு கப்பல்கள் செல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது சீட்டு எடுத்தல். இதற்கு அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் மராத்தியரும் வங்காளியரும் பஞ்சாபியரும் இருந்தால் நன்றே. நம் பிள்ளை ஒவ்வொன்றையும் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது இரு மொழியிலும் தெளிவு பெறும். பன்னிரண்டு பேர் கூடினால் பன்னிரண்டு சீட்டுகள் எழுதுங்கள். ஐந்தில் 'குடிமகன்' என்றும், மற்றவற்றில் 'பெண்', 'அடிமை', 'குடியேறியவர்' என்றும் எழுதி ஒரு செம்பில் இட்டுக் குலுக்குங்கள். குடிமகன் என்னும் சீட்டு எடுத்தவர் மட்டுமே பாயில் அமரலாம், பேசலாம், கையுயர்த்தலாம். மற்றவர் சுவரோரம் அமர்ந்து வாய் பேசாது பார்த்திருக்க வேண்டும். சிறுமி 'குடிமகன்' சீட்டையும் சிறுவன் 'பெண்' சீட்டையும் எடுக்க நேர்ந்தால் மாற்றிக் கொடுக்க வேண்டாம்.

இது கொடுமையான விதியாகத் தோன்றலாம். ஏதென்ஸில் நடந்தது இதுவே. நிக்ஸ் என்னும் குன்றின்மேல் கூடிய மக்களவையில் குடியுரிமை பெற்ற ஆடவர் மட்டுமே இடம்பெற்றனர். கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராய் இருந்தால்தான் மகனுக்குக் குடியுரிமை கிட்டும். பெண்களுக்கு அவையில் இடமில்லை. வெள்ளிச் சுரங்கங்களில் உழைத்த அடிமைகளுக்கு எவ்வுரிமையும் இல்லை. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவர், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தாலும், ஆண்டுதோறும் தலைக்கு 12 திராக்மா வரி செலுத்த வேண்டும், போர் வந்தால் படையில் சேர வேண்டும், தனியாணை பெற்றாலன்றி நிலமோ வீடோ வாங்க இயலாது, வாக்கும் இல்லை. பேரறிஞர் அரிஸ்டாட்டில் ஸ்டகிரா என்னும் ஊரிலிருந்து வந்தவராதலால், ஏதென்ஸில் இந்நிலையிலேயே வாழ்ந்தார்.

எங்கள் இல்லத்தில் முதன்முறை இவ்விளையாட்டை ஆடியபோது, 'குடியேறியவர்' என்னும் சீட்டு எங்கள் மகளுக்குக் கிடைத்தது. சுவரோரம் சற்று நேரம் அமைதியாக இருந்தவள், விதியை மறந்து, "அப்பா, நாமும் இந்த ஊரில் இப்படித்தானா?" என்று கேட்டாள். பள்ளியில் அவளை ஒருத்தி 'மதராஸி' என்று அழைத்திருக்கிறாள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

விளையாட்டை நிறுத்தினோம். எங்கள் வாக்காளர் அட்டையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தோம். அதில் இவ்வூரின் முகவரியே இருந்தது. இந்தியா முழுமைக்கும் ஒரே குடியுரிமைதான் என்பதையும், நாட்டின் எப்பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை அரசியலமைப்பு நமக்கு அளித்திருப்பதையும், 18 வயது நிரம்பிய குடிமக்கள், ஆணாயினும் பெண்ணாயினும், தாம் வழக்கமாக வாழும் ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதையும் விளக்கினோம். ஏதென்ஸில் இருந்திருந்தால் நாம் சுவரோரம். இங்கே நாமும் பாயின்மேல். இதனை வெறும் பாடமாகச் சொல்லியிருந்தால் அவள் மனத்தில் பதிந்திராது. சுவரோரம் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததனால் பதிந்தது. பின்னர் மற்றொன்றையும் கூறினோம். நம் திருப்பூரிலும் கோவையிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைக்கும் மக்கள் இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளை நம்மவர் எப்பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சீட்டெடுத்துத் தேர்தல் நம் முன்னோருக்கும் புதிதன்று. ஏதென்ஸில் 500 பேர் கொண்ட ஆட்சிக்குழுவை, பத்துப் பிரிவுகளிலிருந்து பிரிவுக்கு 50 பேராக, ஓராண்டுக் காலத்துக்குச் சீட்டின் மூலமே தேர்ந்தனர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கிறது. இதைக் கேட்கும் குழந்தை பெருமிதம் கொள்ளும், கொள்ளட்டும். ஆயினும் "அங்கே பாயின்மேல் உட்கார்ந்தவர் யார்?" என்ற கேள்வியை இங்கும் விடக்கூடாது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடைய, 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்ட, வேதம் பயின்ற ஆடவரே அக்குடத்தில் பெயரிடப் பெற்றனர். பிறர் வீட்டுக் குறையைக் காண்பது போலவே நம் வீட்டுக் குறையையும் காணும் கண் வரலாற்றினால் வாய்க்க வேண்டும்.

மூன்றாவது விளையாட்டு ஓடு பொறுக்குதல். உடைந்த பூந்தொட்டியின் துண்டுகள் போதும். வடநாட்டில் தேநீர் தரும் மண்குவளைகளைச் சேர்த்து உடைத்தாலும் நல்ல ஓடுகள் கிடைக்கும். கூரிய விளிம்புகளைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஓடும் ஓர் ஆணியும் கொடுத்து, முதலில் தன் பெயரைத் தமிழில் கீறச் சொல்லுங்கள். எகிப்து நாட்டின் செங்கடற்கரையில், குஸெய்ர் அல்-காதிம் என்னும் பழந்துறையில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பானை ஓடுகளில் கண்ணன், சாதன் என்னும் தமிழ்ப் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. கிரேக்க மொழி வழங்கிய ஒரு நாட்டின் கரையில், ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்ற தமிழரின் பெயர்கள் அவை. நம் பிள்ளைகள் கீறும் ஓட்டுக்கு இது நல்ல துணை.

ஏதென்ஸ் நகரத்தார் ஓட்டில் கீறியது தம் பெயரை அன்று. வெளியேற்ற விரும்பியவரின் பெயரை. ஒருவர் மிகையான செல்வாக்குப் பெற்றுத் தனியாட்சி செய்யத் துணிவாரோ என்ற அச்சம் எழுந்தால், குடிமக்கள் சந்தைவெளியில் திரண்டு ஆளுக்கோர் ஓட்டை இடுவர். 6000 ஓடுகளேனும் சேர்ந்தால், மிகுதியான ஓடுகளில் பெயர் வந்தவர் பத்தாண்டுகள் நகரத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். அவருடைய சொத்து பறிபோகாது. காலம் முடிந்ததும் அவர் திரும்பி வரலாம். இம்முறை கி.மு. 487இல் முதன்முறையாகக் கையாளப்பட்டு, ஏறத்தாழ 70 ஆண்டுகள் வழக்கில் இருந்தது. பெயர் கீறிய ஓடுகள் 10,000க்கு மேல் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஓட்டில் எழுதிய ஓட்டு என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்குப் பெயரிட்டனர். பானை ஓடு தமிழ். வாக்கைக் குறிக்கும் ஓட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்தது தற்செயலே. எனினும் நினைவில் நிற்பதற்கு அது பேருதவி செய்கிறது.

இங்கே எச்சரிக்கை ஒன்று. விளையாடும் பிள்ளைகளின் பெயரை எழுத ஒருபோதும் இடங்கொடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அத்தவறு நேர்ந்தது. பெயர் மிகுதியாக வந்த சிறுவன் சிரித்துக்கொண்டே வெளியேறினான். ஆனால் இரண்டு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பழி எங்களுடையதே. ஆகவே அரிஸ்டைடிஸ், தெமிஸ்டோக்ளிஸ் என்னும் பழம்பெயர்களையே எழுதச் செய்யுங்கள். இருவரும் ஏதென்ஸின் தலைவர்கள். இருவருமே ஓட்டினால் வெளியேற்றப்பட்டவர்கள். அரிஸ்டைடிஸைப் பற்றிப் புளூட்டார்க் ஒரு செய்தி கூறுகிறார். எழுத்தறியாத நாட்டுப்புறத்தான் ஒருவன், தன் எதிரே நிற்பவர் யாரென்று அறியாமல், அரிஸ்டைடிஸிடமே ஓட்டை நீட்டி, அரிஸ்டைடிஸ் என்று எழுதித் தருமாறு வேண்டினானாம். அவர் உனக்கு என்ன தீங்கு செய்தார் என்று கேட்டபோது, ஒன்றுமில்லை, எங்கும் அவரை நேர்மையாளர் என்று புகழ்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். அரிஸ்டைடிஸ் மறுமொழி கூறாமல் தம் பெயரை எழுதிக் கொடுத்தாராம். "நீயாக இருந்தால் எழுதிக் கொடுப்பாயா?" என்று குழந்தையைக் கேளுங்கள். பிறகு மௌனமாக இருங்கள். எங்கள் வீட்டில் இவ்வினாவுக்கு இதுவரை ஒரே விடை வந்ததில்லை.

ஓடுகளை எண்ணுமுன் பெற்றோர் ஒரு சூழ்ச்சி செய்யலாம். ஏழெட்டு ஓடுகளில் நீங்களே தெமிஸ்டோக்ளிஸின் பெயரை எழுதி, ஒருவரும் அறியாமல் குவியலில் சேர்த்துவிடுங்கள். எண்ணிக்கை மிகும், பிள்ளைகள் திகைப்பர். எழுத்தின் வளைவைப் பார்த்து, ஒரே கை எழுதியவை எவை என்று அவர்கள் பிரித்தெடுக்கட்டும். இதுவும் உண்மையில் நிகழ்ந்ததே. 1937இல் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பழங்கிணற்றை அகழ்ந்தபோது, தெமிஸ்டோக்ளிஸின் பெயர் கீறிய ஓடுகள் 190 கிடைத்தன. அவற்றை எழுதியவை 14 கைகளே என்று அறிஞர் கண்டனர். யாரோ முன்கூட்டியே எழுதி ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். எழுதத் தெரியாதவர்க்கு உதவியாகவோ, எதிரியை வீழ்த்தும் சூழ்ச்சியாகவோ? கிடைத்த சான்று இரண்டுக்கும் இடம் தருகிறது. சான்றைக் கொண்டு எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற பயிற்சி பத்து வயதிலேயே தொடங்குவது நல்லது.

நான்காவது விளையாட்டே இவை அனைத்துக்கும் முடி போன்றது. இதற்கு இரண்டு நாட்கள் வேண்டும். தகர டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் சிறு துளையிட்டு நீர் நிரப்புங்கள். நீர் ஒழுகி முடியும் வரையில் ஒருவர் பேசலாம். ஏதென்ஸின் வழக்குமன்றங்களில் இத்தகைய நீர்க்கடிகாரம் இருந்தது. அந்நகரத்துச் சந்தைவெளியில் கிடைத்த ஒன்று ஆறு லிட்டருக்குச் சற்று மேல் கொண்டு, சுமார் ஆறு நிமிடத்தில் ஒழிவது. மக்களவைக்கு நாம் அதை எடுத்துக்கொள்வது விளையாட்டின் வசதிக்காகவே என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

கதை இது. கி.மு. 428இல், ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவுடன் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில், லெஸ்போஸ் தீவிலுள்ள மிட்டிலீன் நகரம் ஏதென்ஸின் கூட்டணியிலிருந்து விலகிக் கிளர்ந்தெழுந்தது. மறு ஆண்டு அது பணிந்தது. அந்நகரத்தாரை என்ன செய்வது? ஆடவர் அனைவரையும் கொல்வது, பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்பது என்று மக்களவை சினத்தில் முடிவு செய்தது. ஆணையை ஏந்தி ஒரு கப்பல் புறப்பட்டது. இவ்வளவையும் சொல்லிப் பாயில் இருப்போரைப் பேசவிட்டு வாக்கெடுங்கள். தண்டிக்க வேண்டும் என்று முடிவானால், ஒரு காகிதக் கப்பலை நீலப் போர்வையில் விட்டுவிட்டு, அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். மன்னிக்கலாம் என்று முடிவானால், ஏதென்ஸின் தீர்ப்பு வேறாயிருந்ததைச் சொல்லி அதே கப்பலை விடுங்கள்.

ஏதென்ஸ் மக்கள் அன்றிரவு நன்றாக உறங்கவில்லை போலும். மறுநாளே அவை மீண்டும் கூடியது. முதல் நாள் தீர்ப்பே நிலைக்க வேண்டும், இரக்கம் பேரரசுக்குப் பகை என்று கிளியோன் வாதிட்டான். டையோடோட்டஸ் என்பவன் எழுந்து, அவசரமும் சினமும் நல்லாலோசனைக்கு ஆகா, ஊரையே அழிப்பதால் நமக்கு நன்மையும் இல்லை என்று மறுத்தான். கைகள் ஏறத்தாழச் சமமாகவே உயர்ந்தன. சிறு வேறுபாட்டில் டையோடோட்டஸின் பக்கம் வென்றது. உடனே இரண்டாம் கப்பல் விரைந்தது. முதற் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றுவிட்டது. தொலைவு சுமார் 340 கிலோமீட்டர்.

இங்கேதான் சுவரோரம் இருந்தவர்களையும் எழுப்ப வேண்டும். அனைவரையும் ஒருவர்பின் ஒருவராகத் தரையில் அமர்த்தி, கையில் ஆளுக்கொரு கோல் கொடுங்கள். நீங்கள் தாம்பாளத்தைத் தட்டுங்கள். இருபது முறை துடுப்பு வலித்தால் இரண்டாம் கப்பல் ஒரு சாண் நகரும். முதற் கப்பலை நீங்கள் மெல்ல நகர்த்துங்கள். கொடிய செய்தியைச் சுமந்ததால் அது விரையவில்லை என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். இரண்டாம் கப்பலினர் மதுவும் எண்ணெயும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே உண்டனர், முறைவைத்து உறங்கினர். முதற் கப்பல் கரையடைந்து, தளபதி ஆணையைப் படித்து, அதை நிறைவேற்ற முற்பட்ட வேளையில் இரண்டாவது வந்து சேர்ந்தது. ஏதென்ஸின் போர்க்கப்பல் ஒன்றில் துடுப்பு வலிப்போர் 170 பேர். அந்நகரத்தின் கப்பல்களில் குடியேறியவரும் துடுப்பு வலித்ததுண்டு. எங்கள் வீட்டில், சுவரோரம் வாய்மூடி இருந்தவளே ஓடிவந்து முதற் கோலை எடுத்தாள்.

கதையை இனிமையாக்கி முடித்துவிடாதீர்கள். நகரம் பிழைத்தது, ஆயினும் கிளர்ச்சிக்குத் தலைவர் எனக் கருதப்பட்டோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர் கொல்லப்பட்டனர் என்று துசிடிடீஸ் கூறுகிறார். பதினோர் ஆண்டுகள் கழித்து, கி.மு. 416இல், மேலோஸ் தீவை முற்றுகையிட்ட அதே ஏதென்ஸ், அங்கே ஆடவரைக் கொன்று மற்றவரை அடிமையாக்கிற்று. அப்போது இரண்டாம் கப்பல் செல்லவில்லை. பலர் கூடிக் கையுயர்த்துவதனால் மட்டும் ஒரு முடிவு நேரியது ஆகிவிடாது. மறுநாள் கூடி மீண்டும் எண்ணிப் பார்க்கவும் இடம் வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் நாம் சொல்ல வேண்டிய தேவை இல்லை. கை வலிக்கத் துடுப்புப் போட்ட பிள்ளை தானே சொல்லும்.

பெற்றோருக்குச் சில குறிப்புகள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விளையாட்டு போதும். குடிமகன், மக்களவை, வாக்கு, தீர்ப்பு, சான்று ஆகிய சொற்களை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். பிள்ளை இடையே இந்தியோ ஆங்கிலமோ கலந்தால் பேச்சைத் தடுக்காதீர்கள்; அதே கருத்தை அடுத்த வாக்கியத்தில் நீங்கள் தமிழில் சொன்னால் போதும். முன்னிரவில் நீங்கள் சிறிது படித்துவைக்க வேண்டும். அதற்கு வெ. சாமிநாத சர்மாவின் 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' தமிழிலேயே கிடைக்கிறது. அவரும் ரங்கூனில் வாழ்ந்து, தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்து தமிழுக்குத் தொண்டாற்றியவர்.

ஆட்டம் முடிந்ததும் ஓடுகளைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டு, தேதியை எழுதி வையுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டியில் அரிஸ்டைடிஸின் பெயர் தாங்கிய ஓடுகளுடன் எங்கள் பிள்ளைகளின் பெயர்களும் தமிழில் கிடக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கு எந்தச் சீட்டு வருமோ என்று அவர்கள் இப்போதே பேசிக்கொண்டிருக்கின்றனர். தமிழில்தான்.